‘செடிமென்ட்’டுக்கு ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்கு முன்

ஒட்டுசுட்டான், புவியியல் ஆசிரியை. ஞாயிறு இரவு.

அன்பின் கலைச்சொல் குழுவினருக்கு,

தரம் பத்துப் பிள்ளைகளுக்காக ஒரு சுவர் அட்டை தயாரிக்கிறேன். மேட்டில் மண் அரிபடுவது, சரிவில் பெயர்ந்து இறங்குவது, ஆற்றோடு வருவது, குளத்திலும் கடலோரத்திலும் தங்குவது எல்லாம் ஒரே படத்தில். மேலே மலைநாட்டுச் சரிவு, நடுவில் முத்தையன்கட்டுக் குளம், கீழே நந்திக்கடல் கடனீரேரி. கமக்காரர் (விவசாயிகள்) அமைப்பும் தங்கள் மண்டபத்துக்கு ஒரு பிரதி கேட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை அச்சகத்துக்குக் கொடுத்துவிட வேண்டும்.

இடிக்கிற சொல் ஒன்றுதான்: செடிமென்ட் (sediment), நீரும் காற்றும் சுமந்துவந்து சேர்க்கும் மணலும் சேறும். எங்கள் பாடநூலில் அடையல். தமிழ்நாட்டு நூல்களில் படிவு. இரண்டும் போய்த் தங்கிவிட்டதைத்தான் சொல்கின்றன. ஆனால் படத்தில் ஓர் அம்புக்குறி ஆற்றுக்குள்ளே ஓடுகிறது. நீரில் தொங்கிக்கொண்டு வருவதற்கு அதன்மேல் ஒரு பெயர் எழுத வேண்டும். ‘தொங்கும் படிவு’ என்று பலகையில் எழுதிப் பார்த்தேன். “படிந்தது எப்படித் தொங்கும் ரீச்சர்?” என்று முன்வரிசையில் ஒரு பிள்ளை கேட்டாள். அழித்துவிட்டேன்.

போன கிழமை மழைக்குப் பிறகு வாய்க்கால் தண்ணீரை ஒரு ஜாம் போத்தலில் அள்ளிவந்து மேசையில் வைத்தேன். வைத்த கையோடு மணல் அடிக்குப் போய்விட்டது. பாடவேளை முடிவதற்குள் அதன்மேல் மாப்போல ஒரு படை இறங்கியது. அதற்கும் மேலே நிற்கும் தேநீர் நிறம் மூன்று நாளாக அப்படியே நிற்கிறது. மூன்றுக்கும் பொதுவாக ஒரு பெயர் சொல்லுங்கள் என்றேன். “ஊத்தை” என்றான் பின்வரிசைக்காரன். உங்களிடம் இதைவிட நல்லது இருக்கும் என்று நம்புகிறேன்.

*

கிளிநொச்சி, ஓய்வுபெற்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர். திங்கள் காலை.

ரீச்சர், முதலில் படத்தைத் திருத்துங்கள். முத்தையன்கட்டுக்கு வரும் பேராறு மலைநாட்டில் பிறக்கவில்லை. வன்னிக் காட்டிலேயே பிறந்து வன்னிக் கடனீரேரியிலேயே முடிகிறது. மலையையும் குளத்தையும் ஒட்டினால் பிள்ளைகள் அதை நம்பிவிடுவார்கள்.

சொல்லைப் பற்றி: நாங்கள் கந்தோரில் செடிமென்ட் என்றோம், குளக்கட்டில் மண் என்றோம். நடுவில் ஒரு தமிழ்ச் சொல் இல்லையே என்று என் சேவைக்காலம் முழுவதும் ஒருநாளும் வருந்தவில்லை. கமக்காரர் அந்தப் பொருளுக்குப் பெயர் வைப்பதில்லை. நடந்ததைச் சொல்வார்கள்: “குளம் தூர்ந்துவிட்டது.” பெயர்தான் வேண்டுமென்றால் அந்த வினையிலிருந்தே எடுங்கள். தூர்வை.

உங்கள் போத்தலில் நடந்ததுதான் குளத்திலும் நடக்கிறது. ஆறு குளத்துக்குள் நுழைந்ததும் வேகம் விழுகிறது. பருமணல் அலைகரைப் பக்கமே நின்றுவிடும். நுண்ணியது கட்டுவரை வந்து துருசின் (மதகின்) வாயில் சேறாகும். 2018 டிசெம்பர் வெள்ளத்தில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தபோது கீழே பாய்ந்த தண்ணீரின் நிறத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

*

வவுனியா, தமிழாசிரியர். திங்கள் இரவு.

மதிப்புக்குரிய ஆசிரியைக்கும் பொறியியலாளர் ஐயாவுக்கும்,

‘தூர்வை’ குப்பைகூளத்தை நினைவூட்டுகிறது. மேலும் தூர்வது குளம், மண் தூர்வதில்லை. எழுவாய் மாறிவிட்டது.

‘அடையல்’ மீது எனக்கு நெடுநாள் மனக்குறை உண்டு. அல் தொழிற்பெயர் விகுதி மட்டுமன்று, எதிர்மறை வியங்கோளுக்கும் அதுவே விகுதி. ‘மகன்எனல் மக்கட் பதடி யெனல்’ என்ற குறளில் முதல் எனல் ‘என்று சொல்லாதே’; அடுத்த எனல் ‘என்று சொல்லுக’. அவ்வாறே அடையல் என்றால் ‘அடையாதே’ என்றும் கொள்ளலாம். குளத்தின் அடியில் அதை எழுதிவைப்பது மண்ணுக்குக் கட்டளை இடுவது போலாகும். நல்ல கட்டளைதான், மண் கேட்குமானால்.

‘வண்டல்’ இனிய சொல். சங்கப் பாட்டில் பெண்பிள்ளைகள் மணலில் பாவை செய்து விளையாடுவதும் வண்டல்தான். ஆயினும் இன்று அது வளமான நுண்மண்ணுக்கு மட்டும் உரியதாகிவிட்டது. பருமணலை வண்டல் என்றால் எந்தக் கமக்காரரும் ஏற்கமாட்டார். ‘எக்கர்’ பற்றியும் எண்ணினேன். புறநானூற்றின் 55ஆம் பாட்டில், செந்தில் துறையில் கடுங்காற்றுத் தொகுத்துக் குவித்த எக்கர் மணலினும் பல நாள் வாழ்க என்று பாண்டியனை வாழ்த்துகிறார் புலவர். ஆனால் அது குவிந்த மேடு. குவிவதற்கு முன் பறந்ததை அது சொல்லாது.

என் முன்மொழிவு: வருமண். வள்ளுவர் நாட்டுக்கு உறுப்பாகச் சொன்ன ‘வருபுனல்’ போல இது வினைத்தொகை. வினைத்தொகைக்குள் மூன்று காலமும் மறைந்திருக்கும். வந்த மண் குளத்தடியில் கிடக்கிறது, வருகின்ற மண் ஆற்றில் ஓடுகிறது, வரும் மண் இன்னும் மேட்டிலேயே இருக்கிறது. மாணவி கேட்ட வினாவுக்கு இலக்கணமே விடை தருகிறது.

*

கிளிநொச்சி, பொறியியலாளர். செவ்வாய்.

ஐயா, மேட்டில் இருக்கும் மண்ணையும் செடிமென்ட் ஆக்கினால் இந்த மாவட்டம் முழுவதும் செடிமென்ட்தான். சரி, அதை விடுகிறேன்.

வருவதையும் கிடப்பதையும் ஒரே சொல்லால் குறிக்க வேண்டும் என்பதில் நீங்கள் சொல்வது சரி. 1935இல் சுவீடன்காரரான யூல்ஸ்ட்ரோம் ஒரு வளைகோட்டை வரைந்து காட்டினார். படுக்கையிலிருந்து மணலைக் கிளப்புவதற்கு வேண்டிய வேகத்தைவிட, ஒட்டிக் கிடக்கும் களிமண்ணைக் கிளப்புவதற்கு அதிக வேகம் வேண்டும். ஆனால் களி ஒருமுறை கிளம்பிவிட்டால், தண்ணீர் கிட்டத்தட்ட நின்றால் ஒழிய இறங்காது. இரண்டு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறிய துகள் அது. ரீச்சரின் போத்தலில் இன்னும் இறங்காமல் நிற்பது அதுதான். ஆக, இந்த மாரியில் வந்தது அடுத்த மாரிவரை கிடக்கும், பிறகு மறுபடி புறப்படும். நந்திக்கடல் கடலோடு சேரும் வட்டுவாகலில் கேளுங்கள். கடல் மணலைக் கொண்டுவந்து நந்திக்கடலின் வாயை மூடும். வெள்ளம் ஏறினால் வெட்டிவிடுவார்கள், அதே மணல் திரும்பக் கடலுக்குப் போகும். அது படிவா, வருமண்ணா, போமண்ணா?

என் மறுப்பு வேறு. மண் என்ற சொல்லுக்குள் கூழாங்கல் அடங்குமா, சிப்பி அடங்குமா? மன்னார்க் கரையில் அடியில் இருக்கும் சுண்ணாம்புக்கல் பல மில்லியன் ஆண்டுகளுக்கு முந்திய மயோசீன் காலத்துக் கடலடியில் சேர்ந்தது. அதில் மண் எங்கே?

இன்னொன்று. ‘வருமண்’ என்று எழுதிக் கொடுத்தால் அச்சகத்தில் ‘வருமானம்’ என்று திருத்திவிடுவார்கள்.

*

ரொறன்ரோ, கொக்கிளாயில் பிறந்தவர். செவ்வாய் இரவு.

எக்கர் வந்த இடத்தில் ‘அறல்’ வராதது வியப்பாக இருக்கிறது. கூந்தலுக்கு அறலை உவமை சொல்லாத புலவர் குறைவு. ஆற்று மணலில் நீர் வரிவரியாக விட்டுச்சென்ற கருமணல் அது. எங்கள் ஊரிலிருந்து புல்மோட்டை வரை அதைக் காலால் மிதித்து வளர்ந்தோம்: இல்மனைட், ரூட்டைல், சிர்க்கோன் என்ற கனிமங்கள். வெண்மணலின் அடர்த்தி 2.65, இல்மனைட்டுக்கு 4.7 அளவில். அதனால் அலை வெள்ளையை அள்ளிக்கொண்டு போகிறது, கறுப்பை விட்டுவிடுகிறது. மாலையில் ஈரமணலில் அந்தக் கறுப்பு வரிகளைப் பார்த்தவனுக்கு, புலவர் எதைப் பார்த்தார் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அறல் என்பது ‘அறு’ என்ற வினையில் பிறந்தது. நீர் அறுத்துப் பிரித்தது. அப்படியானால் பிரித்துப் படியவைத்த பொருள் எல்லாவற்றுக்கும் அதுவே

(தொடர்ச்சி நாளை. வேலைக்குப் போக வேண்டும்.)

*

ஒட்டுசுட்டான், ஆசிரியை. புதன்.

ஐயாமாரே, எல்லாவற்றையும் படித்தேன். வருமண்ணைப் பிள்ளைகளிடம் சொன்னேன். வினைத்தொகை என்றதும் பாதி வகுப்புக்கு முகம் மலர்ந்தது, பாதி வகுப்பு யன்னலைப் பார்த்தது. ஆனால் பரீட்சையில் ‘அடையற்பாறை’ என்றுதான் வரும். அட்டையில் ஒன்று, வினாத்தாளில் ஒன்று என்று இருந்தால் புள்ளி போவது அவர்களுக்கு. ‘வானிலையாலழிதல்’ என்ற நீளச் சொல்லையே மூச்சுப் பிடித்துப் பாடமாக்கிவிட்டார்கள், அடையலையா தாங்கமாட்டார்கள்?

மண்சரிவு என்று எழுதுவதா, நிலச்சரிவு என்று எழுதுவதா என்று சென்னை நண்பர் தனிமடலில் கேட்டிருந்தார். அதையும் இங்கேயே சொல்லிவிடுங்கள்.

*

கிளிநொச்சி, விஞ்ஞான ஆசிரியர். புதன் இரவு.

நான் இந்தக் குழுவில் அதிகம் எழுதுவதில்லை. என் பெற்றோர் 1977 இனக்கலவரத்துக்குப் பிறகு அப்புத்தளைப் பக்கமிருந்து இங்கே வந்தவர்கள். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகள் புதைந்தபோது எங்கள் வீட்டில் வானொலியை நிறுத்தவேயில்லை. அம்மா சொன்ன சொல் மண்சரிவு. அரசாங்க எச்சரிக்கையிலும் அந்தச் சொல்தான் வருகிறது. சரிந்தது மண் மட்டுமன்று, பாறையும் மரமும் வீடும்தான் என்பது எனக்குத் தெரியும். அந்தச் சொல்லை யாரும் திருத்த வேண்டாம்.

ஒன்று மட்டும் படத்தில் தெளிவாக இருக்கட்டும். அரிப்பில் நீரோ காற்றோ மண்ணைத் தூக்கிக்கொண்டு போகிறது. சரிவில் மண்ணைத் தூக்க யாரும் வேண்டியதில்லை. மழை உள்ளே இறங்கிப் பிடிப்பைத் தளர்த்திவிட்டால் தன் பாரத்திலேயே வந்துவிடும். இரண்டுக்கும் ஒரே அம்புக்குறி போடாதீர்கள்.

*

வவுனியா, தமிழாசிரியர். வியாழன் காலை.

மண்சரிவைப் பற்றி இனி நான் எதுவும் சொல்லமாட்டேன்.

ஆனால் பரீட்சைக்கு அஞ்சிச் சொல்லாக்கத்தைக் கைவிடுவது முறையன்று. 1936இல் சென்னையில் கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் காரைதீவில் பிறந்தவர். பாடநூல் வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. மண் என்றால் பூமி என்பதும் பழம்பொருள்தான். அதற்குள் கல்லும் சிப்பியும் அடங்கும்.

*

ஒட்டுசுட்டான், ஆசிரியை. வியாழன் இரவு.

இதுவரை வந்த கணக்கு: அடையலுக்கு ஐந்து பேர், வருமண்ணுக்கு இரண்டு, தூர்வைக்கு ஒன்று (முன்மொழிந்தவரே). அறலுக்கு இன்னும் தொடர்ச்சி வரவில்லை.

குளத்தடியிலும் கடலோரத்திலும் அடையல் என்று போடுகிறேன். ஆற்று அம்புக்குறியின் மேல் ‘கலங்கலில் வரும் மண்’. சொல் அன்று, விளக்கம்தான், தெரியும். மலையைத் தனிப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். அதற்குள் இருக்கும் அம்புக்குறியில் நீர் இல்லை.

*

வவுனியா, தமிழாசிரியர். சனி.

அட்டையின் படத்தை அனுப்பியதற்கு நன்றி. அழகாக வந்திருக்கிறது. குளத்தின் அடியில், கொட்டை எழுத்தில், ‘அடையல்’. என்னால் அதை ‘அடையாதே’ என்றுதான் வாசிக்க முடிகிறது.

‘கலங்கலில் வரும் மண்’ என்பதிலிருந்து ‘கலங்கலில்’ என்பதையும் ஒரு மகரமெய்யையும் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

*

கிளிநொச்சி, பொறியியலாளர். சனி.

ரீச்சர், போத்தல் தெளிந்துவிட்டதா?

*

ஒட்டுசுட்டான், ஆசிரியை. ஞாயிறு.

இல்லை ஐயா. யாரோ வெள்ளிக்கிழமை எடுத்துக் குலுக்கிவிட்டார்கள்.