முதல் ஆர்ப்பாட்டத்துக்குக் கிளம்புமுன் விசாவை ஒருமுறை பார்த்துவிடுங்கள்

வெளிநாட்டுக்குப் புதிதாக வந்தவர்களில் பலர் கேட்பது இதுதான்: அமைதியான போராட்டம்தானே, எல்லோருக்கும் உரிமை இருக்கிறதே, நானும் போகலாமா? போகலாம். ஆனால் அந்த "எல்லோரும்" என்பதில் நீங்கள் சேர்த்தியா என்பது நாட்டுக்கு நாடு மாறும்.

சிங்கப்பூரில் ஹாங் லிம் பூங்காவில் 2000-இலிருந்தே பேசுவதற்கென்று ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், ஆனால் அங்கே நடக்கும் ஆர்ப்பாட்டங்களில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே கலந்துகொள்ளலாம், வேலை அனுமதியில் இருப்பவர் சும்மா வேடிக்கை பார்க்கவும் போகாமல் இருப்பது நல்லது. மலேசியாவில் 2012-இல் வந்த அமைதிப் பேரணிச் சட்டப்படி வெளிநாட்டவர் பங்கேற்பதே குற்றம். வளைகுடா நாடுகளில் நினைத்தே பார்க்காதீர்கள். 2024 ஜூலையில் வங்கதேசத்துக்காரர்கள் 57 பேர் ஐக்கிய அரபு அமீரகத்துத் தெருக்களில் இறங்கினார்கள். அவர்கள் எதிர்த்தது அமீரகத்தை அல்ல, தங்கள் சொந்த நாட்டு அரசைத்தான். மூன்று பேருக்கு ஆயுள் தண்டனை, மற்றவர்களில் பெரும்பாலோருக்கு 10 ஆண்டு சிறை. செப்டம்பரில் மன்னிப்பு கிடைத்தது, ஆனால் வேலை போய் ஊருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

கனடா, பிரிட்டன் இரண்டிலும் அந்த உரிமைக்கு யாரும் குடியுரிமை கேட்பதில்லை. பேச்சுரிமையும் கூடும் உரிமையும் தரும் அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தமும் அங்கே வாழும் வெளிநாட்டவரைக் காக்கிறது என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள், ஆனால் 2025-இல் பாலஸ்தீன ஆதரவுப் போராட்டங்களில் நின்ற மாணவர்கள் சிலருடைய விசா ரத்தானது, சிலரைப் பிடித்தும் வைத்தார்கள். நீதிமன்றத்தில் கடைசியில் நீங்களே ஜெயிக்கலாம். அதற்குள் படிப்பு என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, போகலாம் என்று முடிவாகிவிட்டது. யார் நடத்துகிறார்கள், போலீஸுக்குத் தெரிவித்தாயிற்றா, எந்த வழியாகப் போகிறார்கள், இதையெல்லாம் முதல் நாளே பாருங்கள். பிரிட்டனில் பேரணி என்றால் பொதுவாக 6 நாள் முன்பே சொல்ல வேண்டும், ஒரே இடத்தில் நிற்கும் கூட்டத்துக்கு அது தேவையில்லை. ஆனால் இந்தத் தெருவைத் தாண்டக்கூடாது, இத்தனை மணிக்குள் கலைய வேண்டும் என்று போலீஸ் நிபந்தனை போடலாம், அதை மீறினால் அமைதியாக நின்றவரையும் கைது செய்வார்கள். ஜெர்மனியில் முகத்தை மறைத்துக்கொண்டு போவதற்கே பொதுவாகத் தடை, ஹெல்மெட் மாதிரிப் பாதுகாப்புக் கவசங்களும் கூடாது.

என் முதல் பேரணியில் யாரோ ஒரு அட்டையைக் கையில் திணித்தார்கள், நானும் உற்சாகமாகத் தூக்கிப் பிடித்தேன். அரை மணி கழித்துத்தான் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் நான் ஒரு நாளும் ஒப்புக்கொள்ளாத வாசகம். படம் எடுத்தவர்கள் எடுத்துவிட்டார்கள். புரியாத மொழியில் எழுதியதைத் தூக்காதீர்கள், புரியாத கோஷத்துக்கு வாயசைக்கவும் வேண்டாம்.

பிரிட்டனில் வெளிர்நீல மேலங்கி போட்ட போலீஸ்காரர்கள் சிரித்த முகத்தோடு பேச்சுக் கொடுப்பார்கள். நல்ல மனிதர்களாகவே இருக்கலாம், ஆனால் தகவல் சேகரிப்பதும் அவர்கள் வேலைதான். வணக்கம் சொல்லிவிட்டு நகருங்கள். ஆரஞ்சு மேலங்கிக்காரர்கள் வேறு, போலீஸ் செய்வதைக் குறித்துக்கொள்ளும் சட்டப் பார்வையாளர்கள், அவர்கள் தரும் சிறு அட்டையில் வக்கீல் எண் இருக்கும், அதைப் பேனாவால் கையிலேயே எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் பிடித்தால் முதலில் போனைத்தான் வாங்கிக்கொள்வார்கள். அந்தப் போனிலும் கைரேகை, முகப் பூட்டை எடுத்துவிட்டு எண் பூட்டு போடுங்கள்.

இதை மட்டும் மறக்காதீர்கள். ஒருவேளை பிரிட்டனில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டால், நள்ளிரவில் களைத்துப்போய் உட்கார்ந்திருக்கும்போது, ஒரு "காஷன்" வாங்கிக்கொண்டால் இப்போதே வீட்டுக்குப் போகலாம் என்பார்கள். கேட்க வெறும் எச்சரிக்கை மாதிரி இருக்கும். ஆனால் அதை ஏற்பது குற்றத்தை ஒப்புக்கொள்வது. அப்புறம் விசா நீட்டிப்பு, நிரந்தர வதிவிடம், குடியுரிமை என்று ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அதைச் சொல்ல வேண்டிவரும். ஸ்டேஷனில் வக்கீல் ஆலோசனை இலவசம், விசா எதுவாக இருந்தாலும் கிடைக்கும், அதனால் விடியும்வரை காத்திருக்க நேர்ந்தாலும் வக்கீலோடு பேசாமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

மற்றபடி தண்ணீர், அன்றாடம் சாப்பிடும் மாத்திரை, நடக்க வசதியான செருப்பு. கூட்டத்தின் நடுவில் போய் மாட்டிக்கொள்ளாமல் ஓரமாக நில்லுங்கள், போலீஸ் வளைத்து நிறுத்திவிட்டால் மணிக்கணக்கில் வெளியே வர முடியாது. வீட்டுக்கு வந்து படம் போடுமுன் பக்கத்தில் நின்றவர்களின் முகத்தை மறைத்துவிடுங்கள், அவர்களில் யார் என்ன விசாவில் இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது.