பாங்காக்கில் இரவு உலா: விவரம் தெரிந்தவர்கள் உதவவும்

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். வரும் ஜனவரியில் அம்மாவை பாங்காக் அழைத்துச் செல்கிறேன். பகல் வெயில் அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால், ஊர் சுற்றுவதை இருட்டிய பிறகே வைத்துக்கொள்ள எண்ணியிருக்கிறோம். தா தியென் கரையிலிருந்து, ஆற்றுக்கு அக்கரையில் விளக்கொளியில் நிற்கும் வாட் அருண் கோபுரத்தைப் பார்த்துவிட்டு, வாட் மங்கோன் மெட்ரோ நிலையத்தில் இறங்கி யாவராட் சாலையின் தள்ளுவண்டிக் கடைகளுக்குப் போவது வரை சிக்கல் இல்லை. அம்மா சுத்த சைவம். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துள்ள கடைகளைத் தேட வேண்டும் என்பது தெரியும். இரவு எட்டு மணிக்கு மேல் அத்தகைய கடை அங்கே எந்தப் பக்கம் திறந்திருக்கும்?

இதைவிட முக்கியமானது, திரும்பி வரும் வழி. 24 மணி நேரமும் இயங்கும் பாக் க்லோங் தலாட் பூச்சந்தை நள்ளிரவை ஒட்டித்தான் களைகட்டும் என்பதால், சாமந்தி மூட்டைகள் வந்திறங்குவதையும் மல்லிகை மொட்டுகளை ஊசியில் கோத்து மாலையாக்குவதையும் அந்த நேரத்தில்தான் பார்க்க வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறார் (வீட்டில் தினமும் பூக்கட்டுபவர், சொன்னால் கேட்கமாட்டார்). ரயில்களோ நள்ளிரவோடு நின்றுவிடும். அங்கிருந்து சீலோம் மாரியம்மன் கோயில் பக்கமுள்ள விடுதிக்கு, வயதானவருடன் திரும்ப மீட்டர் டாக்சியை நம்பலாமா, கிராப் செயலியில் அழைப்பதே மேலா? பூச்சந்தைக்கு அருகிலேயே தங்குவது நல்லது என்றால், முன்பதிவை இந்த வாரமே மாற்றிக்கொள்வேன்.