சைபர் இன்சூரன்ஸ் பாலிசில புது விலக்கு, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க
வணக்கம் மக்களே, சப்ஸ்டேஷன் ஸ்காடா (தூரத்துல இருந்தே கண்காணிச்சு இயக்குற கம்ப்யூட்டர் சிஸ்டம்) மெயின்டனன்ஸ் பண்ற சின்ன கம்பெனி எங்களது, சைபர் பாலிசி ரினீவல்ல புதுசா ஒரு வரி சேர்த்திருக்காங்க, வேற நாட்டு அரசாங்கம் பின்னாடி இருந்து பண்ற அட்டாக்னா க்ளெய்ம் கிடையாதாம். யார் பண்ணாங்கனு ப்ரூவ் பண்றது நாங்களா இன்சூரன்ஸ் கம்பெனியா? 2017 நாட்பெட்யா மால்வேர் அட்டாக்குக்கு பழைய போர் விலக்கு (போரால வர்ற நஷ்டத்துக்கு க்ளெய்ம் இல்லைங்கற வரி) பொருந்தாதுனு மெர்க் மருந்து கம்பெனி கேஸ்ல நியூஜெர்சி அப்பீல் கோர்ட் 2023ல சொல்லுச்சு, ஆனா அதே வருஷம் லண்டன் லாய்ட்ஸ் இன்சூரன்ஸ் மார்க்கெட்ல அரசாங்கம் பின்னாடி இருக்கற அட்டாக்குக்குனே தனி விலக்கு கட்டாயமாயிடுச்சு, உஷார் பார்ட்டிங்க. அப்புறம் சர்ட்-இன்னுக்கு (மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு) 6 மணி நேரத்துல ரிப்போர்ட் பண்ணணுமே, லேட்டானா அதையே காட்டி க்ளெய்ம தட்டிக் கழிப்பாங்களா? புரோக்கர கேட்டா "பாத்துக்கலாம் சார்"ங்கறார். இந்த வரிய பேசி மாத்த வெச்சவங்க இருந்தா என்ன கேட்டு மாத்துனீங்கனு சொல்லுங்க, வெள்ளிக்கிழமை கையெழுத்து போடணும்.