பொழுதுபோக்குப் படகில் ஒலியமைப்பை மேம்படுத்தியவர்களின் அனுபவங்கள்

தொடக்கப் பதிவு

நான் வாங்கிய பழைய திறந்த படகில், முன்பு வைத்திருந்தவர் காருக்கான ஸ்பீக்கர்களைப் பொருத்தியிருந்தார். நங்கூரமிட்டு நிற்கும்போது பாட்டு நன்றாகவே கேட்கும். எஞ்சினை முடுக்கியதும் பேஸ் (தாழ்ந்த சுருதி ஒலி) முழுவதும் இரைச்சலில் அடங்கி, குரலின் மேற்பகுதி மட்டும் கீச்சென்று மிஞ்சும். கூடுதல் வாட் உள்ள ஆம்ப்ளிஃபயரை மாட்டினால் போதும் என்றே பலரும் சொன்னார்கள். ஆனால் ஆம்ப்ளிஃபயரின் திறனை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல் உயர்வுதான். 88 டெசிபல் உணர்திறன் (அதே மின்திறனில் எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) உள்ள ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 91 டெசிபல் உள்ளதை வைத்தால், பேட்டரிக்குச் சுமை ஏற்றாமலே அதே உயர்வு கிடைத்துவிடும். காருக்குள் கதவும் கண்ணாடியும் ஒலியை அடைத்துவைத்து பேஸைத் தூக்கிக் கொடுக்கின்றன. திறந்த படகில் அந்தத் துணை கிடையாது. தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 6 டெசிபல் குறைந்துகொண்டே போகும்.

ஆகவே ஸ்பீக்கர்களை மாற்றுவதிலிருந்து தொடங்கினேன். பழையவற்றைக் கழற்றியபோது அதிர்ந்து ஒலி எழுப்பும் காகிதக் கூம்பு ஈரத்தில் ஊறி விளிம்பில் நெளிந்திருந்தது. பின்புறச் சட்டத்தைத் தொட்டாலே துரு செதில் செதிலாக உதிர்ந்தது. புதியவை பாலிப்ரொப்பிலீன் கூம்பும் ரப்பர் விளிம்பும் கொண்ட கடல்வகை ஸ்பீக்கர்கள். இருப்பினும், எனக்குத் தெரிந்த மிகப் பெரிய மாற்றம் அவற்றால் வந்ததன்று. கூம்பு முன்னால் எழுப்பும் ஒலியலையும் பின்னால் எழுப்பும் ஒலியலையும் எதிரெதிரானவை. இரண்டுக்கும் இடையே வழி இருந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும், அதிலும் பேஸ்தான் முதலில் பலியாகும். என் படகின் பக்கச்சுவருக்குப் பின்னால் தூண்டில் கழிகளைச் செருகிவைக்கும் திறந்த இடைவெளி இருந்தது. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் பின்னால் மூடிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைப் பொருத்தி, விளிம்பைச் சுற்றி நுரைப்பட்டை ஒட்டிய பிறகு, பழைய ஆம்ப்ளிஃபயரிலேயே பேஸ் கேட்கத் தொடங்கியது.

துளையைப் பெரிதாக்க வேண்டியவர்களுக்கு ஒரு குறிப்பு. வெட்டும் இடத்தில் டேப் ஒட்டி, துளையிடும் வட்டரம்பத்தை (ஹோல் சா) முதலில் எதிர்த்திசையில் மெதுவாகச் சுழற்றிக் கோடு விழச் செய்துவிட்டால் மேற்பூச்சு சிதறாது. ஃபைபர் கிளாஸுக்கு நடுவே பால்சா மரம் இருந்தால், வெட்டிய விளிம்பை எப்பாக்ஸியால் மூடாமல் ஸ்பீக்கரை மாட்டவே கூடாது. அங்கே புகும் நீர் உள்ளிருக்கும் மரத்தை மட்கச் செய்துவிடும்.

மறுமொழி

பின்பெட்டியைப் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். என் படகில் சிக்கல் கம்பியில் இருந்தது. ஒரு பட்டறையில் எல்லாவற்றையும் புதிதாகப் பொருத்தி வாங்கிய அடுத்த பருவத்திலேயே, பேஸ் அழுத்தமாக விழும் இடங்களில் ஆம்ப்ளிஃபயர் தானாக நின்று நின்று எழத் தொடங்கியது. மீட்டரை வைத்துப் பார்த்தபோது, பேட்டரியில் 12.5 வோல்ட்டுக்குக் குறையாமல் இருந்த நேரத்தில் ஆம்ப்ளிஃபயரின் முனையில் 11 வோல்ட்டுக்கும் கீழே இறங்கியது. கம்பியின் உறையைச் சீவினால் உள்ளே செம்பு பளபளக்க வேண்டும். எனக்குக் கிடைத்ததோ கரியாகக் கறுத்த இழைகளும் முனையில் பச்சைக் களிம்பும்தான். வெறும் செம்புக் கம்பியைப் போட்டிருந்தார்கள். உப்பு ஈரம் இழைகளுக்கு இடையே ஊர்ந்து வெகுதூரம் உள்ளே போய்விடுகிறது என்பதால், முனையை மட்டும் வெட்டிப் புதுப்பிப்பது வீண். வெள்ளீயம் பூசிய கம்பியை ஒரு அளவு தடிமனாகவே வாங்கி, முனைகளை நசுக்கிப் பிணைத்து, பசையுள்ள சுருங்கும் குழாயால் மூடினேன். நின்று எழும் கோளாறு அன்றோடு ஒழிந்தது.

ஃபியூஸும் அதே பட்டறையின் கைவண்ணம்: ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் இருந்தது. பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடையில் கம்பி உரசினால் அதைக் காப்பாற்ற எதுவும் இல்லை. அமெரிக்கப் படகு மற்றும் உல்லாசப் படகு மன்றத்தின் மின் தரவிதி, மின்மூலத்திலிருந்து 7 அங்குலத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும் என்கிறது. நேரடியாகப் பேட்டரியில் இணைத்து, கம்பி முழுவதையும் காப்புக் குழாய்க்குள் செலுத்தினால் 72 அங்குலம் வரை அனுமதிக்கிறது. பெட்ரோல் எஞ்சின் உள்ளே இருக்கும் படகுகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: எஞ்சின் அறையில் பொருத்தும் மின்கருவி தீப்பொறிக் காப்பு உடையதாக இருப்பது கட்டாயம். இடம் கிடைக்கிறதே என்று சாதாரண ஆம்ப்ளிஃபயரை அங்கே திருகிவைப்பது, பெட்ரோல் ஆவிக்குப் பக்கத்தில் விளக்கேற்றி வைப்பதற்குச் சமம்.

பேட்டரியைப் பொறுத்தவரை, பாட்டுக்குத் தனி, எஞ்சினைக் கிளப்பத் தனி என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியில் ஏறத்தாழ பாதியைத்தான் அதன் ஆயுளைக் கெடுக்காமல் பயன்படுத்த முடியும். மின்னழுத்தம் உயரும்போது மட்டும் இரண்டையும் இணைக்கும் ரிலே (தானியங்கிச் சுவிட்ச்) ஒன்றை வைத்துவிட்டால், நாள் முழுவதும் பாட்டு ஓடினாலும் எஞ்சின் கிளம்பும். மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் டி வகுப்பு ஆம்ப்ளிஃபயருக்கு மாறியதும் வெப்பமாக வீணாகும் மின்சாரம் வெகுவாகக் குறைந்தது.

மறுமொழி

சுருக்கமாக ஒன்று. சுக்கான் மேசையில் ஸ்பீக்கர் வைக்க நினைப்பவர்கள், துளையிடுவதற்கு முன் அந்த ஸ்பீக்கரைக் கையில் பிடித்துக்கொண்டு திசைகாட்டியை நோக்கி மெதுவாக நகர்த்திப் பாருங்கள். முள் அசையத் தொடங்கும் தூரத்துக்கு வெகு அப்பால்தான் காந்தம் இருக்க வேண்டும். என் படகில் அந்த மேசையிலேயே பாதுகாப்பான இடம் இல்லாததால், ஸ்பீக்கர்கள் இருக்கைக்குக் கீழே போயின. அங்கிருந்து கேட்கும் ஒலி சற்று மங்கல்தான். திசை தவறாமல் இருப்பதற்கு அது எனக்குச் சம்மதம்.

மறுமொழி

எங்கள் படகு நீர்ச்சறுக்குக்கானது. படகின் மேல் எழும் குழாய்ச் சட்டமான கோபுரத்தில் பின்னோக்கிப் பொருத்திய ஹாரன் ஸ்பீக்கர்கள் கயிற்றின் முனையில் சறுக்குபவருக்காகவே உள்ளவை. அவற்றுக்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பவருக்கு அந்த ஒலியால் பயன் இல்லை. மாலையில் நீரின் மேல் காற்று குளிர்ந்து, அதற்கு மேலே வெப்பமான அடுக்கு நின்றுவிட்டால், மேலே சென்றுவிட வேண்டிய ஒலி வளைந்து மறுபடி நீர்ப்பரப்புக்கே இறங்கும். பகலில் தொல்லையாக இல்லாத அதே அளவு, அந்தி நேரத்தில் எதிர்க்கரை வீடு வரை சொற்கள் தெளிவாகக் கேட்கும்படி போய்விடுகிறது. இதனால் ஒலியை மூன்று மண்டலங்களாகப் பிரித்தோம்: முன்தளம், சுக்கான், கோபுரம். படகு ஓடும்போது சுக்கான் மண்டலத்தின் அளவை, விஎச்எஃப் ரேடியோவில் ஆபத்து அழைப்புக்கான 16ஆம் சேனலில் யாராவது அழைத்தால் காதில் விழும் அளவுக்கு மேல் ஏற்றுவதில்லை. கோபுர ஹாரன்கள் தனி ஆம்ப்ளிஃபயரில் உள்ளன. கயிற்றில் ஆள் இல்லாதபோது அதன் சுவிட்சை அணைத்துவிடுகிறோம்.