முகவரிக்குக் குத்தகையா, இரவலா?

க. எழுதியது:

அன்பின் குழுவினருக்கு வணக்கம். புதிய இணையச் சேவையை வீட்டுக் கணினியில் கம்பிவழி இணைப்போருக்கான பழுதறி கையேடு ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் முடித்துத் தர வேண்டும். ஈதர்நெட் கேபிளின் இரு முனையிலும் விளக்கு எரிந்தும் இணையம் வராமல், ஐபி முகவரி (வலையமைப்பில் கணினியைக் குறிக்கும் எண்) 169.254 என்று தொடங்கினால், கணினி கேட்ட முகவரியை யாரும் தரவில்லை, அது தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். முன்பு இணைத்திருந்த கருவியையே மோடம் நினைவில் வைத்திருப்பதும் இதற்கு ஒரு காரணம். எனவே மோடத்தைச் சில நிமிடங்கள் அணைத்து வைத்து, மீண்டும் இயக்கியபின் 'லீஸைப் புதுப்பி' என்னும் பொத்தானை அழுத்தச் சொல்ல வேண்டும். லீஸ் என்பது கணினிக்கு ஒரு முகவரியைக் குறித்த காலத்துக்கு மட்டும் தருவது. அதற்குக் 'குத்தகை' என எழுதியிருக்கிறேன்; மனம் ஒப்பவில்லை.

இரா. எழுதியது:

குத்தகையில் குறையென்ன? உடையவர், துய்ப்பவர், காலவரையறை, புதுப்பித்தல் ஆகிய நான்கும் பொருந்துகின்றனவே. 'குத்துமதிப்பு' என்பதில் வரும் குத்தே இதிலும் உள்ளது என்பது என் துணிபு.

தே. எழுதியது:

ஐயா, வேர் இருக்கட்டும். குத்தகை என்றாலே பணம். புதிதாக இணைப்பு வாங்கியவர் அச்சொல்லைக் கண்டால் கட்டணம் பாக்கி என்றே அஞ்சுவார். நூலகப் புத்தகத்தைப் போல விலையின்றிப் பெற்று, வைத்திருந்து, திருப்பித் தருவதற்கு 'இரவல்' என்பதே இயல்பான சொல். தொல்காப்பியர் எச்சவியலில் ஈ, தா, கொடு என்னும் மூன்றையும் இரவின் கிளவி, அதாவது இரந்து கேட்கும் சொல், என்று வகுத்து, 'ஈ' என்பதை இழிந்தோன் கூற்று என்றார். முகவரியே இல்லாத கணினி, தருபவர் யாரென்றும் அறியாமல் 255.255.255.255 என எல்லோரையும் நோக்கிக் கூவுவது 'ஈ' அன்றி வேறென்ன?

இரா. எழுதியது:

அம்மா, உவமை அழகு. ஆயினும் காலத்தில் பாதி கழிந்ததும் கணினி, முகவரி தந்த வழங்கியிடமே நேரே நீட்டிப்புக் கேட்கிறது, 87.5 விழுக்காடு கழிந்தும் விடை வராவிட்டால்தான் மறுபடி எல்லோரையும் கேட்கிறது. இவ்வளவு கணக்கோடு இரப்பவர் உண்டோ? இது ஒப்பந்தம்.

வ. எழுதியது:

என் வகுப்பு மாணவர்கள் 'லீஸ்' என்றே சொல்கிறார்கள், புரிந்துகொள்கிறார்கள். மோடத்தையும் கேபிளையும் அப்படியே வைத்துக்கொண்டு, போர்த்துகீசியம் தந்த பொத்தானையும் அழுத்தச் சொல்லிவிட்டு, லீஸ் ஒன்றிடம் மட்டும் ஏன் இத்தனை கண்டிப்பு?

தே. எழுதியது:

பொத்தான் தமிழ் எழுத்துக்கும் ஒலிக்கும் இணங்கிவிட்டது. 'லீஸ்' என்பதிலுள்ள ஸகரம் இன்னும் இணங்கவில்லை.

க. எழுதியது:

நாளை வெள்ளி. 'முகவரி இரவலைப் புதுப்பி' என்று எழுதி, முதன்முறை வரும் இடத்தில் மட்டும் 'லீஸ்' என்பதை அடைப்புக்குறிக்குள் இட்டு அனுப்புகிறேன். 169.254 முகவரிக்குத் 'தற்சூட்டு முகவரி' என வைத்துள்ளேன். அதற்கு மறுப்பு வரவில்லை.

இரா. எழுதியது:

அனுப்புங்கள். தற்சூட்டு நன்று. இரவலுக்கு என் உடன்பாடு இல்லை என்பதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.