கணக்கு வழக்கும் கணக்குரையும்

சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம்.

கும்பகோணம் அம்மா தன் பி.எட். மாணவிகளுக்குப் பாடக்குறிப்பு எழுதும்போது மாட்டிக்கொண்ட சொல் 'மேத்தமேட்டிகல் கம்யூனிகேஷன்'. கணக்கைப் போட்ட வழியைப் பிறருக்குப் புரியும்படி சொல்லும், எழுதும் திறன் அது. அதற்குத் தமிழ்ச் சொல் தேடி ஐந்து நாளாக மடல்கள் ஓடுகின்றன. நான் இதுவரை பேசாமல் இருந்ததற்குக் காரணம், கையில் சொல் இல்லை. இப்போது ஒன்று கிடைத்த மாதிரி இருக்கிறது. தேறுமா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

முதலில் வந்தது 'கணிதத் தொடர்பாடல்'. இலங்கைத் தமிழர் தொடர்பாடல் என்பதை நெடுநாளாகப் புழங்குகிறார்கள், காதுக்கும் இதமான சொல். ஆனால் எங்கள் ஊர்ப் பத்தாம் வகுப்புக் கணக்கு நோட்டில் 'தொடர்' ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டது: கூட்டுத்தொடர், பெருக்குத்தொடர். தொடர்பாடல் என்றதும் பையன் முதல் உறுப்பையும் பொது வித்தியாசத்தையும் தேடுவான். போதாததற்கு, அமெரிக்கக் கணித ஆசிரியர்களின் தேசிய மன்றம் 2000-இல் வெளியிட்ட நெறிகளில் ஐந்து செயல்முறைகள் வரிசையாக வருகின்றன. கம்யூனிகேஷன் ஒன்று, அதற்கு அடுத்தது கனெக்‌ஷன்ஸ். ஒன்றைத் தொடர்பாடல், மற்றதைத் தொடர்புபடுத்தல் என்று எழுதினால் தேர்வுத்தாள் திருத்துகிறவருக்கே குழப்பம் வரும்.

அடுத்தது 'கணிதக் கருத்துப் பரிமாற்றம்'. இதிலும் அதே வம்பு. பரிமாற்றுப் பண்பு என்று ஆறாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறோம்: மூன்றையும் ஐந்தையும் எப்படி மாற்றிக் கூட்டினாலும் எட்டு. 'வெளிப்பாட்டுத் திறன்' மோசமில்லை. ஆனால் வெளிப்படுத்த எதிரே ஆள் வேண்டியதில்லை, சுவரைப் பார்த்தும் வெளிப்படுத்தலாம். எனக்கு அங்கேதான் இடிக்கிறது. இந்தத் திறனில் எதிரே ஒருவர் இருந்தே ஆக வேண்டும். கேட்பவர், சந்தேகப்படுபவர், 'எங்கே, இன்னொரு தடவை சொல்' என்பவர். சொல்லுக்குள் அந்த ஆள் இருக்க வேண்டும்.

நேற்று ஒருவர் ராமானுஜனை இழுத்தார். டவுன் ஹைஸ்கூலில் படித்தவர், சிலேட்டில் போட்டு முழங்கையால் அழித்துவிட்டு முடிவை மட்டும் நோட்டில் ஏற்றியவர், ஆகவே இந்தத் திறன் இல்லாமலும் மேதையாகலாம் என்பது அவர் வாதம். அந்த முடிவுகளுக்கு நிறுவல் எழுத அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எத்தனை ஆண்டு உழைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? சரி, அவரை விடுங்கள். எங்கள் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர், எல்லாரும் சாதாரணப் பிள்ளைகள்.

என் பள்ளி நீடாமங்கலம் பக்கம், வெண்ணாற்றுப் பாசனம். போன ஆவணியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு செயல்திட்டம் (ப்ராஜெக்ட்) கொடுத்தேன். செயல்திட்டம் என்றால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். 2012-இல் முப்பருவ முறையோடு, செயல்திட்டத்துக்கும் மதிப்பெண் தரும் வளரறி மதிப்பீடு வந்ததிலிருந்து ஸ்டேஷனரி கடையில் சார்ட் விற்பனை அமோகம். அப்பா தெர்மாகோல் வெட்டுவார், அக்கா கலர் அடிப்பாள், பிள்ளை பெயர் எழுதும். அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் 1918-இல் செயல்திட்ட முறை பற்றிக் கட்டுரை எழுதியபோது தெர்மாகோலை நினைத்திருக்க மாட்டார். அதனால் இந்த முறை சார்ட் கிடையாது என்றேன். கேள்வி ஒன்றுதான்: நம்ம வாய்க்காலில் வினாடிக்கு எத்தனை கன அடி போகிறது?

கேள்வி பத்திரிகையிலிருந்து வந்தது. 'மேட்டூரிலிருந்து 12,000 கன அடி தண்ணீர் திறப்பு' என்று தலைப்பைப் பலகையில் எழுதினேன். தஞ்சாவூர் அளவில் ஒரு குழி 144 சதுர அடி, நூறு குழி ஒரு மா. ஒரு மாவில் இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்க 2,400 கன அடி வேண்டும். தலைப்பை அப்படியே நம்பினால் 12,000 கன அடி ஐந்து மாவுக்குத்தான் காணும். "அதுக்கா சார் பூவெல்லாம் தூவித் திறந்தாங்க?" என்று ஒருவன் கேட்டான். 'வினாடிக்கு' என்ற ஒரே சொல் விழுந்ததில் டெல்டாவே ஐந்து மாவாகச் சுருங்கிவிட்டது. அந்தச் சொல்லைத் திரும்பச் சேர்த்து ஒரு நாளுக்குப் பெருக்கினால் ஒரு டி.எம்.சி.க்கு, அதாவது நூறு கோடி கன அடிக்கு, சற்று மேலே வருகிறது. அன்றைக்கு நான் வேறு பாடம் நடத்தவில்லை.

வாய்க்காலில் இறங்கினோம். அகலம் ஆறடி. ஆழம் மூன்று இடத்தில் குச்சி விட்டுப் பார்த்ததில் சராசரி ஒன்றரை அடி. முதலில் காகிதக் கப்பல் விட்டார்கள், காற்று அதை எதிர்க்கரைக்குத் தள்ளிவிட்டது. பிறகு எலுமிச்சம்பழம். முப்பது அடியை அது இருபத்தைந்து வினாடியில் கடந்தது. மேல்மட்ட வேகத்தைச் சராசரி வேகமாக்க 0.85 ஆல் பெருக்கச் சொன்னேன். வந்தது 9.18. பன்னிரண்டு நோட்டில் 'விடை: 9.18' என்று மட்டும் இருந்தது. அடிக்கோடு வேறு, சிவப்பு மையில்.

அந்த நோட்டுகளை அடுத்த பிரிவு மாணவர்களிடம் கொடுத்து, 'இதைப் பார்த்து இதே அளவை மறுபடி எடுங்கள்' என்றேன். ஒருவராலும் முடியவில்லை. எந்த இடம், எத்தனை தடவை, எதை மிதக்கவிட்டார்கள், ஒன்றும் இல்லை. கொஞ்சம் சண்டையும் நடந்தது. நல்ல சண்டை.

ஒரு மாணவி நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் தாத்தாவிடம் வாசித்திருக்கிறாள்: ஒரு மாவில் இரண்டு அங்குலம் நிற்க நாலு நிமிடம் இருபத்தொரு வினாடி. தாத்தா சிரித்துவிட்டார். "ஏந் தாயி, வாய்க்கா தண்ணி பூராவும் நம்ம வயல்லயா வந்து விழும்? மேமடைக்காரன் சும்மா இருப்பானா?" மறுநாள் அவள் திருத்தி எழுதி வந்ததை இங்கே தருகிறேன்:

'வாய்க்கால் தண்ணீர் முழுவதும் ஒரே மடையில் பாய்ந்தால், மேல்மடைகளை அடைத்திருந்தால், மண் முன்னமே நனைந்திருந்தால், ஒரு மாவில் இரண்டு அங்குலம் நிற்க நாலைந்து நிமிடம் ஆகும். குச்சியால் அளந்ததால் வினாடி சொல்ல முடியாது.'

மூன்று 'ஆல்' வந்துவிட்டது, இருபத்தொரு வினாடி போய்விட்டது. நான் முப்பது வருடமாகப் பலகையில் எழுதிக் கற்றுக்கொடுக்க முடியாமல் போனதைத் தாத்தா ஒரு சிரிப்பில் கொடுத்துவிட்டார். (திருத்தியதையும் கேட்டுவிட்டு, "இப்ப சரி. ஆனா அந்த மூணும் என்னைக்கும் நடக்காது" என்றாராம்.)

இனி சொல்லுக்கு வருகிறேன். கோயில் திருவிழா முடிந்ததும் ஊர்ப் பொதுவில் 'கணக்குச் சொல்லு' என்கிறோம். அதில் கேட்கிறவர் கட்டாயம் இருக்கிறார், அவருக்குச் சந்தேகப்படும் உரிமையும் இருக்கிறது. 'கணக்கு வழக்கு' என்று இரண்டையும் சேர்த்தேதான் நம் வாயில் வருகிறது. வழக்குக்கு 'வழக்குரை' இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் வழக்குரை காதை. நம் பூம்புகார்ப் பெண் மதுரையில் என்ன செய்தாள்? தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று முன்கூட்டியே சொன்னாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்பதை அரசன் வாயாலேயே சொல்ல வைத்தாள். அப்புறம்தான் உடைத்தாள். இரு தரப்பும் ஒத்துக்கொண்டதிலிருந்து தொடங்கி, எதிராளி தன் கண்ணால் பார்த்து ஒப்புக்கொள்ளும்படி முடிப்பது. நிறுவல் என்று நாங்கள் வகுப்பில் சொல்வது இதைத்தான்.

அதனால் என் முன்மொழிவு: கணக்குரை. வினை கணக்குரைத்தல், திறன் கணக்குரைத்திறன்.

கூடவே தமிழ் தேடும் இன்னொரு சொல்லான 'ப்ராஜெக்ட் பேஸ்டு லேர்னிங்' பற்றி ஒரு வரி போதும். 'அடிப்படையிலான' என்ற வாலை வெட்டிவிடுங்கள். தமிழ்வழிக் கல்வி என்கிற மாதிரி, செயல்திட்டவழிக் கற்றல். வெறும் 'திட்டவழி' வேண்டாம். எங்கள் பக்கம் திட்டம் என்றால் குறுவை நெல்லுக்கான அரசின் குறுவைத் தொகுப்புத் திட்டம்தான், விதை எப்போது தருவார்கள் என்று கேட்பார்கள்.

அன்புடன்,
நீடாமங்கலத்துக் கணக்கு வாத்தியார்

*

ஐயா, வணக்கம். திருவாரூரிலிருந்து எழுதுகிறேன், தமிழாசிரியை.

வழக்குரை ஒப்புமை அழகு. ஆனாலும் இரண்டு தடை இருக்கிறது. 'உரை' என்றதும் எங்களுக்குப் பதவுரை, பொழிப்புரை, உரையாசிரியர் என்றுதான் ஓடும். 'கணக்குரை' என்று அட்டையில் போட்டால் நூலகர் அதைக் கணக்கதிகாரம் என்ற பழைய கணக்கு நூலுக்கு யாரோ எழுதிய உரை என்று நினைத்து இலக்கிய அலமாரியில் செருகிவிடுவார். இரண்டாவது, வரைபடம் போடுகிறான், அட்டவணை போடுகிறான், மணலில் கோடு கிழித்துக் காட்டுகிறான். இதெல்லாம் உரையா? உரைத்தல் வாயால் சொல்வதல்லவா?

'கணக்கு' என்பதைக் 'கணிதம்' ஆக்கச் சிலர் சொல்லக்கூடும். அதற்கு நான் உடன்படமாட்டேன். 'கணிதவுரை' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு தடுக்குகிறது. கணக்கு + உரை, உகரம் கெட்டு இயல்பாகப் புணர்கிறது.

*

எல்லாருக்கும் வணக்கம். நான் பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வுபெற்றவன், கொள்ளிடக் கரைக்காரன். சொல்லாக்கம் எனக்குத் தெரியாது. தண்ணீர் தெரியும்.

நாங்கள் ஆபீசில் 'கியூசெக்' என்போம். அதற்குள்ளேயே வினாடி 'செக்' என்று இருக்கிறது, உதிராது. தமிழில் 'கன அடி' ஆக்கியபோது வினாடியைத் தனிச் சொல்லாக வெளியே வைத்தார்கள். தலைப்பில் இடம் போதாவிட்டால் முதலில் விழுவது அதுதான். ஒட்டிக்கொள்ளாத சொல் உதிரத்தான் செய்யும். உங்கள் புதுச் சொல்லிலும் இதைக் கவனியுங்கள்.

வாத்தியாருக்கு ஒரு கேள்வி. பிள்ளைகள் 0.85 எதற்கென்று எழுதினார்களா? எலுமிச்சம்பழம் போனது நடுவிலா, ஓரமாகவா? கரையோரம் புல்லும் ஆகாயத்தாமரையும் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், அடியில் மண் இழுக்கும். நடு மேல்மட்டம் எப்போதும் வேகம்.

*

எல்லாருக்கும், நீடாமங்கலத்து வாத்தியார் மறுபடி எழுதுகிறேன்.

கொள்ளிடக்கரை ஐயா பிடித்துவிட்டார். 0.85 எதற்கென்று ஒருவரும் எழுதவில்லை. நான் சொன்னேன், அவர்கள் பெருக்கினார்கள். நானும் புத்தகத்தில் பார்த்ததைச் சொன்னவன்தான். 'எப்படி வந்தது என்று எழுது' என்று பன்னிரண்டு நோட்டில் சிவப்பு மையால் எழுதிய ஆள் தானே ஒரு எண்ணைக் காரணமில்லாமல் கொடுத்திருக்கிறான். பழத்தையும் நடுவில்தான் விட்டோம்.

அவர் சொன்ன 'உதிராத சொல்' என்னைப் பிடித்துக்கொண்டது. பாபநாசத்து நண்பர் தனி மடலில் 'கணக்கைப் பிறர்க்கு எடுத்துரைக்கும் திறன்' என்று தந்திருக்கிறார். பொருள் முழுதாக இருக்கிறது, ஆனால் ஒரே மாதத்தில் 'எடுத்துரைக்கும் திறன்' ஆகிவிடும். கணக்கு உதிர்ந்துவிட்டால் அது பேச்சுப் போட்டிக்கான தகுதி. கணக்குரைத்தலில் எதையும் கழற்ற முடியாது.

திருவாரூர் அம்மாவின் முதல் தடையை ஒத்துக்கொள்கிறேன். பெயராக நிற்கும்போது மயக்கம் வருகிறது. எனவே பொதுச்சொல் 'கணக்குரைத்தல்' என்றே இருக்கட்டும். 'கணக்குரை' என்பதைப் பிள்ளை எழுதிக் கொடுக்கும் தாளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அறிக்கை என்றால் தலைமையாசிரியருக்குப் போவது மாதிரி ஒரு பயம், கணக்குரையில் அது இல்லை. இரண்டாவது தடைக்குக் கண்ணகியே பதில்: அவளும் வாயால் மட்டும் உரைக்கவில்லை, உடைத்துக் காட்டினாள். அதையும் சேர்த்துத்தான் அந்தக் காதைக்கு வழக்குரை என்று பெயர். வரைபடமும் அட்டவணையும் அந்தக் கணக்கில் வரட்டும்.

2005 தேசியக் கலைத்திட்டத்துக்கான கணித ஆவணமும் இந்தத் திறனைப் பட்டியலில் வைத்திருக்கிறது என்பதைக் கும்பகோணம் அம்மா குறிப்பில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் மாணவிகளுக்கு அந்த ஆவணத்துக்கு முன்னால் மூன்று 'ஆல்' கதையைச் சொல்லுங்கள்.

வழக்கப்படி என்றால் மேட்டூர் ஜனவரி 28 வரை திறந்திருக்கும், ஆகவே வாய்க்காலில் இன்னும் தண்ணீர் இருக்கும். பொங்கல் விடுமுறைக்கு முன் ஒரு சனிக்கிழமை மறுபடி இறங்குகிறோம். இந்த முறை பழத்தை இடக்கரை, நடு, வலக்கரை என்று மூன்று இடத்தில் விடுவதாக முடிவு செய்திருக்கிறார்கள். கொள்ளிடக்கரை ஐயா வர முடிந்தால் நல்லது, வண்டிக்கு ஏற்பாடு செய்கிறேன். பிள்ளைகளிடம் கணக்குரையை அவரிடம்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன், இப்போதே பயந்துபோய் இருக்கிறார்கள்.

எலுமிச்சம்பழம் பத்து வாங்கியாகிவிட்டது. போன தடவை ஒன்றைப் பிழிந்து குடித்துவிட்டார்கள்.