கயிறு ஏறி 6 மீட்டர் தொட்டவங்க, தொடாமத் திரும்பினவங்க: உங்க கதையைச் சொல்லுங்க

அஞ்சேமுக்கால்:

என் பேருக்குக் காரணம் கேக்குறவங்களுக்காக நானே ஆரம்பிக்கிறேன்.

2019 நவம்பர், இரண்டாம் நிலைக் காவலர் ஃபிசிக்கல். 1500 மீட்டருக்கு 7 நிமிஷம் கொடுப்பாங்க, 6 நிமிஷத்துக்குள்ள வந்துட்டேன். லாங் ஜம்ப் 4.50 தாண்டி டூ ஸ்டார். ரோப்லதான் மாட்டினேன். 5 மீட்டர் தொட்டா ஒன் ஸ்டார், 6 மீட்டர் தொட்டா டூ ஸ்டார். அன்னைக்கு மொத்த ஃபிசிக்கலுக்கே 15 மார்க், அதுல ஒன் ஸ்டாருக்கு 2, டூ ஸ்டாருக்கு 5. ரெண்டாவது அடையாளம் கண்ணுக்கு நேரா இருக்கு. ஒரு சாண் போனா போதும். விரல் மூட மாட்டேங்குது. வலியே இல்ல, அதுதான் வேடிக்கை. யாரோட கையோ மாதிரி இருந்துச்சு. இறங்கிட்டேன். ரிசல்ட் வந்தப்போ ரெண்டு மார்க்குல வெளியே.

கையில பலம் பத்தலைன்னு நானே முடிவு பண்ணி ஜிம்முல சேர்ந்தேன். மூணு மாசம் பெஞ்ச் பிரஸ், கர்ல்ஸ். புஜம் சட்டையைப் பிடிச்சுது, வீட்டுல எல்லாருக்கும் சந்தோஷம். எடை 4 கிலோ ஏறிச்சு. ஊர்ல புளியமரத்துல கயிறு கட்டிப் பார்த்தா நாலரை மீட்டர்ல கை விட்டுடுச்சு! ஏத்துன அந்த 4 கிலோவையும் நான்தானே மேல தூக்கணும், அது அப்பதான் உறைச்சுது.

ஹாஸ்டல்ல படிச்சப்போ ஜிம்னாஸ்டிக்ஸ் பண்ண ஒரு அண்ணன் வந்து பார்த்தார். என்னை ஏறவே விடலை. "தொங்குடா"ன்னார். 22 செகண்ட்ல விழுந்தேன். "ஒரு நிமிஷம் தொங்க முடியாதவன் எதுக்கு ஏறுற?"

அப்புறம் ரெண்டு வாரம் ஏற்றமே கிடையாது. கம்பில துண்டைப் போட்டு, அதோட ரெண்டு முனையையும் பிடிச்சுத் தொங்கினேன். முழங்கையை மடக்காம தோள்பட்டையை மட்டும் கீழே இழுத்து உடம்பை நாலு விரக்கடை தூக்கினேன். பார்க்க ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும், மறுநாள் முதுகு சொல்லும். மூணாவது வாரத்துல இருந்து ஸ்டூல் போட்டு மேலே போய், தாடையைக் கம்பிக்கு மேல வெச்சு, 5 செகண்ட் எடுத்து மெதுவா இறங்கினேன். ஏற முடியாத உடம்பு இறங்கும்போது தாங்கும். அந்தத் தாங்குதல்தான் கொஞ்ச நாள்ல ஏற்றமா மாறுது. ஒரே நேரத்துல முப்பது தடவை அடிச்சுக் களைக்காம, காலையில அஞ்சு, மதியம் அஞ்சு, சாயங்காலம் அஞ்சுன்னு கை புதுசா இருக்கும்போதே நிறுத்தச் சொன்னார். ஜிம்முல பழகினவனுக்கு இது பெரிய தண்டனை.

ரெண்டாவது மாசம் முழங்கையோட உள்பக்க எலும்பு ஓரத்துல குத்தல். குடத்தைக் கூடத் தூக்க முடியல. தசை சீக்கிரம் பலமாயிடும், அதை எலும்போட கட்டியிருக்கிற நாண் மெதுவாத்தான் வரும். ரெண்டுக்கும் நடுவுல அவசரப்பட்டவனுக்கு மூணு வாரம் ஓய்வு. அந்த நேரத்துல கால் வேலை கத்துக்கிட்டேன். அதை அப்புறம் எழுதுறேன். மத்தவங்க சொல்லுங்க.

பீம்_பாண்டி:

அண்ணே, ரோப் இல்ல, ஆர்மிக்கு ஆள் எடுக்குற ரேலில பீம், அதாவது கம்பியைப் பிடிச்சுத் தொங்கி உடம்பை மேல தூக்குறது. ஆனா வியாதி ஒண்ணுதான்.

1.6 கிலோமீட்டரை அஞ்சரை நிமிஷத்துல முடிச்சா 60 மார்க். பீம் 10 அடிச்சா 40. ஒவ்வொண்ணு குறையக் குறைய 33, 27, 21, ஆறுக்கு 16. வீட்டுல நான் 14 அடிப்பேன், ஃபிரெண்ட்ஸ் வீடியோ எடுப்பாங்க. ரேலில ஏழு. 21 மார்க்.

ஏன்னா வீட்டுல அடிச்சது சாயங்காலம் காபி குடிச்சிட்டு. அங்க ராத்திரியே போய் வரிசையில உட்கார்ந்து, விடியக்காலையில உயிரைக் கொடுத்து ஓடிட்டு, மூச்சு அடங்காமப் பிடிக்கணும். அதோட நான் அடிச்ச 14ல பாதி காலை உதைச்சு ஆட்டி அடிச்சது. அங்க ஆட்டினா எண்ணல. கை முழுசா நீளணும், தாடை கம்பியைத் தாண்டணும். நான் அடிச்சுக்கிட்டே இருக்கேன், எண்ணுறவர் ஹிந்தில "பாஞ்ச்", அதாவது அஞ்சுலயே நிக்கிறார்!

அடுத்த வருஷம் ஒண்ணே ஒண்ணு மாத்தினேன். ஓடி முடிச்ச ரெண்டாவது நிமிஷம் பீம். முதல் நாள் அஞ்சு. அழுகை வந்துச்சு. எட்டு வாரத்துல பத்து. ரேலிலயும் பத்து.

பனங்காட்டான்:

திருச்செந்தூர் பக்கம். அப்பா பனையேறி. கால்ல தளைநார் மாட்டினா அணில் மாதிரி போவார். நான் ரோப்புக்குத் திணறுறதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு. "இதுக்கா ஆறு மாசம் பயிற்சி?"ன்னு வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு வேப்பமரத்துல தொங்கின கயிறைப் பிடிச்சார். ரெண்டு கை போனார். காலை வெச்சார். கயிறு விலகிடுச்சு. மறுபடி வெச்சார். சுத்திக்கிட்டே தெற்கால பார்த்தவர் வடக்கால திரும்பிட்டார். அம்மா திண்ணையில விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

இறங்கி வந்து ரொம்ப நேரம் கயிறையே பார்த்தார். "மரம் நிக்கும்லே, இது ஓடுது. ஓடுறதை மொதல்ல நிப்பாட்டணும்." அப்புறம் கீழே உட்கார்ந்து கயிறோட நுனியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு என்னை ஏறச் சொன்னார். தினமும் கொஞ்சம் கொஞ்சமா பிடியைத் தளர்த்தினார். மூணு வாரத்துல கையை விட்டுட்டார், எனக்குத் தெரியவே இல்ல. அதுக்குள்ள கயிறை எப்பவும் தொப்புளுக்கு நேரா வெச்சுக்க வயிறு பழகிடுச்சு.

வயிறு லூசா இருந்தா கால் முன்னாடி போகும், கயிறு பின்னாடி போகும். கை வீணா ஒடியும்.

மல்லர்கம்பக்காரி:

விழுப்புரம். கம்பத்துலயும் தொங்குற கயிறுலயும் ஏறி வித்தை காட்டுற மல்லர்கம்பம் எங்க விளையாட்டு. மேலே அண்ணன் வயிறைப் பத்திச் சொன்னதுக்கு ஒரு கும்பிடு. நாங்க சின்னப் பிள்ளைங்களுக்கு முதல்ல கத்துக்கொடுக்கிறதே அதுதான். கம்பத்துல விளக்கெண்ணெய் தடவியிருக்கும், கயிறுல அது கிடையாது. ஆனா கயிறு மெல்லிசு, தொங்கினா அறுக்கும். அதனால கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவுல கயிறைக் கவ்வி, உடம்பு எடையைக் கால்ல வாங்கிடுவோம்.

உங்க தேர்வுக் கயிறு தடிமன், விரல் நடுவுல நிக்காது. அதுக்கு வேற வழி: கயிறு ஒரு பாதத்துக்கு அடியில போய் மறு பாதத்துக்கு மேல வரணும், ரெண்டு பாதமும் சேர்ந்து கசக்கணும். முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டு வந்து பூட்டுப் போடு, அப்புறம் சேர்ல இருந்து எழுந்திருக்கிற மாதிரி எழுந்திரு. கையால இழுக்காதே, எழுந்திருக்கும்போது கை இடம் மாறினா போதும்.

பசங்க இதைச் சொன்னா கேக்க மாட்டாங்க. கையாலயே ஏறினாத்தான் வீரம்னு நினைப்பு. மார்க் போடுறவர் உயரத்தைத்தான் பார்க்கிறார், தம்பிகளா.

பழைய_டிரில்_மாஸ்டர்:

கயிறு ஏறுவது ஒரு காலத்தில் ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டி. 1896இல் ஏதென்ஸில் இருந்தது, கடைசியாக 1932இல் லாஸ் ஏஞ்சல்ஸில். 1904இல் செயின்ட் லூயிஸில் அதில் தங்கம் வென்ற ஜார்ஜ் ஐசருக்கு இடது கால் மரக்கால். "கால் சரியில்லை சார்" என்று வரும் பையன்களிடம் இதைச் சொல்வேன். மல்லர்கம்பம் அம்மா, உங்கள் கட்சிக்கு இது எதிர்சாட்சிதான், மன்னிக்கவும்.

மூணு_வாரம்_இருக்கு:

எல்லாருக்கும் வணக்கம். எடை 78. பீம் ஒண்ணு கூட வராது. ஃபிசிக்கலுக்கு 21 நாள். டூ ஸ்டார் முடியுமா அண்ணா?

அஞ்சேமுக்கால்:

தம்பி, பொய் சொல்ல மனசு வரல. 21 நாள்ல கை பலம் பெருசா வராது. ஆனா கால் பூட்டு வரும், எனக்குப் பத்து நாள்ல வந்துச்சு. ஒன் ஸ்டாரைக் குறி வை. தினமும் ரெண்டு வேளை தொங்கு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஏறு, கடைசி மூணு நாள் கயிறைத் தொடாதே. பட்டினி கிடக்காதே, ஓட்டம் போயிடும். நைலான் கயிறு வேண்டாம், வழுக்கும். நான் கோயில்ல பழைய தேர் வடம் ஒரு துண்டு கேட்டுப் பார்த்தேன், தரல. கடையில தேங்காய் நார் வடம் கிடைக்கும். கட்டுறதுக்கு முன்னாடி கிளையில ரெண்டு பேர் தொங்கிப் பாருங்க. முக்கியமா, இறங்கும்போது வழுக்கிட்டு வராதே. கை மாத்தி கை மாத்தி இறங்கு.

என் பாக்கிக் கதை: அடுத்த தேர்வு 2020 டிசம்பர்ல எழுதினேன். கொரோனாவால ஃபிசிக்கல் தள்ளிக்கிட்டே போய் 2021 ஜூலை கடைசியிலதான் வந்துச்சு. ஊரே புலம்பிச்சு, என் முழங்கை நன்றி சொல்லிச்சு. எடையை 71ல இருந்து 66க்குக் கொண்டு வந்திருந்தேன். அன்னைக்கு 6 மீட்டர்ல கை வெச்சப்போ இன்னும் ரெண்டு பிடி மிச்சம் இருந்துச்சு. போன தடவை பார்க்காத மேல்பக்கத்தை நிதானமாப் பார்த்தேன். கொக்கியும் காக்கா எச்சமும்தான்.

மூணு_வாரம்_இருக்கு:

நேத்து முடிஞ்சுது அண்ணா. 5 மீட்டர் தொட்டேன், ஒன் ஸ்டார்! கால் பூட்டு இல்லேன்னா ரெண்டு மீட்டர்லயே வந்திருப்பேன், அக்காவுக்கு நன்றி. ஆனா சந்தோஷத்துல நீங்க சொன்னதை மறந்துட்டு சர்ருன்னு வழுக்கிட்டு வந்தேன். ரெண்டு உள்ளங்கையும் தோல் போச்சு. அடுத்தது லாங் ஜம்ப்தானே, கைக்கு என்ன வேலைன்னு நினைச்சேன். மணல்ல விழுந்து கையை ஊன்றினப்போ தெரிஞ்சுது.